மிச்சமான எடை

கடற்கரையோரத்து ஏவுதளம் ஒன்றில் மீட்பு எஞ்சின் ஒன்று இருந்தது. மனிதர்கள் உட்காரும் கலத்தின் உச்சியில் அதைப் பொருத்துவார்கள். கீழே ராக்கெட் தீப்பற்றினால், கண்ணிமைப்பதற்குள் கலத்தைப் பிய்த்துக்கொண்டு தூரப் பறந்துவிட வேண்டும். அதற்கென்றே செய்த எஞ்சின்.

ஏவும் நாள் நெருங்கியபோது, தளத்தின் செலவுக் கணக்கைப் பார்க்கும் நிதியார் வந்தார். கூடவே புது ராக்கெட்டும் பளபளவென்று வந்து நின்றது.

"நீ இதுவரைக்கும் ஒரு உயிரையாவது காப்பாத்தியிருக்கியா?" என்று கேட்டார் நிதியார்.

"அப்படி ஒரு நிலைமை இன்னும் வரலைங்க."

"வேலையே செய்யாதவனுக்கு இவ்வளவு எடை, இவ்வளவு செலவு!"

ராக்கெட் சிரித்தது. "கோவிச்சுக்காதீங்க அண்ணே. எனக்குள்ள இருக்கறதெல்லாம் புது நுட்பம். நான் வெடிக்கவே மாட்டேன்."

"வெடிக்கறவன் எவனும் சொல்லிட்டு வெடிக்கறதில்லை தம்பி," என்று எஞ்சின் சீறியது.

அன்றைக்கே அதைக் கழற்றிக் கொட்டகையில் போட்டார்கள்.

பறக்கவிருந்த இருவரில் மூத்தவள் கேப்டன் பெனிட்டா. கலத்தின் உச்சி மொட்டையாக இருப்பதைப் பார்த்தவள் நேரே நிதியாரிடம் போனாள்.

"அதைத் திரும்ப மாட்டுங்க. இல்லைன்னா நான் ஏற மாட்டேன்."

"பயமா இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் நிதியார், எல்லோர் காதிலும் விழும்படி. அவள் இடத்தில் வேறொருவரை ஏற்றினார்கள்.

ராக்கெட் கிளம்பியது. கொட்டகைத் தகரம் கிடுகிடுத்தது. எஞ்சின் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டு கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை. போனவர்கள் இருவரும் நலமாகத் திரும்பினார்கள். ஊரே கைதட்டியது. எஞ்சினுக்கு நெஞ்சு குளிர்ந்தது. தீப்பிடிக்கட்டும் என்றா இவ்வளவு நேரம் காத்துக் கிடந்தோம் என்று கூச்சமாகவும் இருந்தது.

கடலில் விழுந்த ராக்கெட்டின் அடிப்பாகத்தை இழுத்துவந்து அதே கொட்டகையில் கிடத்தினார்கள். அது கரிபிடித்துக் கிடந்தது.

"அண்ணே," என்றது ராக்கெட். "ஒரு வால்வு மூடலை. நெருப்பு தொட்டி வரைக்கும் வந்துடுச்சு. அப்புறம் எப்படியோ தானா மூடிக்கிச்சு. நான் எதுவுமே செய்யலை."

"நிதியார்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். நல்லபடியா முடிஞ்சதைக் கிளறாதேன்னுட்டாரு."

பாராட்டு விழா முடிந்து, கழுத்து மாலையோடு நிதியார் கொட்டகைக்கு வந்தார். அவரைக் கண்டதும் எஞ்சின் கோபத்தில் பொரிந்து தள்ளியது.

"அவங்க உயிரோட வந்தது உங்க நுட்பத்தால இல்லை, அதிர்ஷ்டத்தால! அதை நம்பியா உயிரை ஏத்துறீங்க? பெனிட்டா கேட்டதுக்கு அவளைக் கோழையாக்கினீங்களே, இந்த வால்வுக்கு என்ன பதில்?"

நிதியார் மாலையைச் சரிசெய்துகொண்டார். "நீ இல்லாமலே ரெண்டு பேரும் உயிரோட வந்தாங்களா இல்லையா? அவ்வளவுதான்."

எஞ்சினின் எரிபொருளை வடித்துக் கொட்டச் சொன்னார். எஞ்சினைக் கழற்றியதில் மிச்சமான எடைக்கு, அடுத்த பயணத்தில் மூன்றாவதாக ஓர் ஆளை ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார்.