நாணலில் முளைத்த கண்கள்

ஒரு காட்டில் கடுங்கோடை. குட்டைகள் எல்லாம் வற்றி, ஒரே ஒரு குளம் மிஞ்சியிருந்தது. முயலுக்கும் அந்தத் தண்ணீர்தான், பன்றிக்கும் அந்தத் தண்ணீர்தான், சிறுத்தைக்கும் அந்தத் தண்ணீர்தான்! குனிந்து குடிக்கும்போது பின்னாலிருந்து பாய்ந்தால் என்ன ஆவது?

அதற்காக அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பவழி என்ற சோலைப்பாடிக் குருவி, கரையிலிருந்த மருத மரத்தின் உச்சியில் உட்கார்ந்து பாடுவாள். பாட்டு நீளமாக வந்தால் பயமின்றிக் குடிக்கலாம். துண்டு துண்டாக வந்தால் சிறுத்தை வருகிறது, ஓட வேண்டும்.

பவழிக்கு நல்ல குரல். நீண்ட, அழகான வாலும் உண்டு. அது அவள் செய்த தப்பா?

சடையன் என்ற குரங்குக்கு எப்போதும் தன்னைச் சுற்றிக் கூட்டம் வேண்டும். மரத்தில் யார் பாடுவது என்பதும் அவன் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் அவன் மரமேறி வந்தான்.

"பவழி, இனிமே கீழ்க்கிளையில உக்காந்து பாடு!"

"கீழ இருந்தா சிறுத்தை வர்ற வழி தெரியாதே!"

"அட, பாட்டை எவன் கேக்குறான்? வாலை விரிச்சுக் காட்டு. நெளிஞ்சு நெளிஞ்சு ஆடு. கூட்டம் அலைமோதும்!"

"என்னால முடியாது."

"முடியாதா? உச்சியில உக்கார வேற குருவியா கிடைக்காது!"

பாடாமல் இருக்கப் பவழியால் முடியாது. அழுதுகொண்டே கீழே இறங்கினாள்.

அன்று கூட்டம் நெரிந்தது. பவழி பாடினாள், ஆடினாள். கழுத்தை எக்கி எக்கிப் பார்த்தும் காட்டுப் பாதை தெரியவில்லை. அன்றைக்குச் சிறுத்தை வராதது அவர்கள் அதிர்ஷ்டம்.

பாடி முடித்ததும் குளத்தோரத்தில், நாணலுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கியிருந்த சின்னப் பள்ளத்தில் இறங்கிக் குளித்தாள். நாணலில் இரண்டு கறுப்புப் பழங்கள் தெரிந்தன. நாணலில் ஏது பழம் என்று உற்றுப் பார்த்தாள். பழங்கள் இமைத்தன!

பக்கத்தில் இன்னும் இரண்டு. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு. சடையன் நாணலை விலக்கி வரிசையாக ஓட்டை போட்டு வைத்திருந்தான்.

"ஐயோ! பன்றி அண்ணே, நீங்களுமா?"

பன்றிக்கு வெட்கமே இல்லை. "பாத்தா என்ன, தேஞ்சா போயிடுவ? எல்லார் முன்னாடியும் ஆடுறவதானே!"

"பாடும்போது பாருங்க. குளிக்கும்போது உங்களை யார் கூப்பிட்டா? சரி, இன்னைக்கு நான் என்ன பாடினேன்? யாராவது ஒருத்தர் சொல்லுங்க!"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முயல் காதைச் சொறிந்தது.

மறுநாள் பவழி நேராக உச்சிக்குப் போய்விட்டாள். "வேற குருவி வந்தா வரட்டும். அதுவரைக்கும் என் இடம் இதுதான்!"

கீழே பார்த்தாள். குளக்கரையில் யாருமே இல்லை! நல்ல ஓட்டை கிடைக்க வேண்டுமே என்று முந்திக்கொண்டு எல்லாரும் நாணலுக்குள் தலையை விட்டிருந்தார்கள். முதுகுகள் மட்டும் வெளியே தெரிந்தன.

தூரத்தில் காய்ந்த புல் அசைந்தது. காற்றே இல்லை. பவழி பாட்டைத் துண்டு துண்டாக வெட்டிக் கத்தினாள்.

"சீக்கிரமா முடிக்கிறா! குளிக்க வரப்போறா!" என்றது பன்றி.

புல் இன்னும் கிட்டத்தில் அசைந்தது. பவழி பதறிப்போய்க் கீழே பாய்ந்தாள். அவர்கள் தலைக்கு மேலே சிறகடித்தாள். "சிறுத்தை! ஓடுங்க! ஓடுங்க!"

"வந்துட்டா! வால் எவ்வளவு கிட்டத்துல தெரியுது பாருங்க!" என்று முயல் கூவியது. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

சிறுத்தை பாய்ந்தது. பன்றியின் அலறல் பாதியில் நின்றது.

மாலையில் தப்பியவர்கள் மரத்தடியில் கூடினார்கள். சடையன் பவழியைச் சுட்டிக் காட்டினான். "எல்லாம் இவளாலதான்! கீழ இறங்கி வந்து நம்ம கவனத்தைக் கெடுத்துட்டா!"

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கென்றால் அந்தத் தலைகளைப் பிடித்துக் குட்டலாம் போல இருக்கிறது!

"உங்க உசிரைக் காப்பாத்தத்தான் இறங்கினேன்," என்றாள் பவழி. மலை தாண்டிப் பறந்து போனாள்.

சடையன் மைனாவைக் கூப்பிட்டான், கிளியைக் கூப்பிட்டான். "அந்தக் குளத்துக்கா? ஆளை விடுங்கப்பா!" என்று இரண்டும் ஓடிவிட்டன. உச்சிக்கிளை காலியாகவே கிடந்தது.

அன்றிலிருந்து அந்தக் காட்டில் எல்லாரும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறார்கள். மறுபடி ஒரு வாய், மறுபடி ஒரு பார்வை. தாகம் மட்டும் தீர்வதே இல்லை.

ஒரு கலைஞரின் உடம்பையே மேய்கிற கண், அவர் சொல்ல வந்ததைக் கேட்க வேண்டிய காதையும் அடைத்துவிடும்.