பொழிமுகத்தை மூடிவைத்த ராஜா

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, ஆற்றூர்க்கரை என்ற கடலோரச் சீமையைத் தென்னவராயன் என்று ஒரு ராஜா ஆண்டான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. காலையில் கண் விழித்தால் ஒரு ஆசை, பல் துலக்கி முடிப்பதற்குள் இன்னொரு ஆசை, அவ்வளவுதான். அந்த ஆசைகளுக்குத் தூபம் போடவே அரண்மனையில் அலங்காரநாதர் என்று ஒருவர் இருந்தார், கேளிக்கைகளுக்கு அதிகாரி. அவரிடம் ஒரு பொல்லாத குணம். யார் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிராகத்தான் செய்வார். இன்னொருவர் யோசனை பலித்தது என்று ராஜா காதில் விழுந்துவிடக் கூடாதே!

அந்தச் சீமையில் ஆறு கடலோடு சேரும் இடத்துக்குப் பொழிமுகம் என்று பெயர். கோடையில் அலை மணலைக் குவித்து அதன் வாயை அடைத்துவிடும். மழை வந்து ஆறு பெருகினால், கரையில் குடியிருக்கும் ஜனங்கள் கடல் வற்றும் நேரம் பார்த்து மணலை வெட்டிவிடுவார்கள். தேங்கிய தண்ணீர் ஓடிப்போகும். பிறகு கடல் ஏறும்போது உப்புத்தண்ணீரோடு இறால் குஞ்சும் மடவை மீன் குஞ்சும் உள்ளே வரும். அங்கே நாற்பது வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். வெட்டும் நாளைக் குறிப்பவள் இசக்கியம்மை.

அந்த வருஷம் அவள் மண்வெட்டியோடு இறங்கிய அன்றைக்கென்று பார்த்து ராஜா பல்லக்கில் வந்தான். நிறைந்து கிடந்த தண்ணீரைப் பார்த்தான்.

"ஆஹா! இதில் பூம்படகு விட்டுப் பவனி வந்தால் எப்படி இருக்கும்!"

"மகாபிரபுவின் பிறந்தநாளுக்கு இன்னும் எட்டே நாள். அதுவரை ஒரு சாண் தண்ணீர் குறையக் கூடாது," என்றார் அலங்காரநாதர்.

"சபாஷ்! மணலில் மண்வெட்டி வைப்பவன் கையை வெட்டுங்கள்!"

தண்டோரா போட்டாயிற்று. மறுநாளே மலையில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வயலில் ஏறியது, வாசலில் ஏறியது, வீட்டுக்குள்ளும் வந்தது. மீன் செத்து மிதந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல். இசக்கியம்மையின் தங்கை வடிவுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. மற்றவர்கள் மணல்மேட்டில் ஏறிக்கொண்டார்கள். பச்சை உடம்புக்காரி, கொட்டும் மழையில் அந்தக் கூரையில்லாத மணல்மேட்டில் எப்படிக் கிடப்பாள்? உத்தரத்தில் தொங்கும் தூளியை நாளுக்கு ஒரு முழம் ஏற்றிக் கட்டினாள் இசக்கியம்மை. நாலாம் நாள் ஏற்ற இடமில்லை. அரண்மனைக்கு ஓடினாள்.

"மகாராஜா, பொழியைத் திறக்க விடுங்க. தூளிக்குக் கீழே தண்ணி வந்துட்டு. வெள்ளத்துல தானா உடைஞ்சா ஊரையே வாரிக்கிட்டுப் போயிரும்!"

ராஜா கொஞ்சம் தயங்கினான். அலங்காரநாதர் விடுவாரா? "மீன்காரிக்குப் பொறாமை, பிரபு! இன்னும் நாலு நாள் பொறுக்க மாட்டாளாமா?"

"பிறந்தநாள் கழியட்டும், பெண்ணே," என்று ராஜா எழுந்துவிட்டான்.

நாலு நாள் தாங்காது. அது அவளுக்குத் தெரியும். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு, மகாராஜா. பூம்படகு துறைமுகத்துல கடல்ல நிக்குது. பொழிவாய் அடைச்சுக் கிடக்கு. படகு எப்படி உள்ளே வரும்?"

ராஜா திரும்பி அலங்காரநாதரைப் பார்த்தான். பாவம், அவர் அதை யோசிக்கவே இல்லை!

"மணல் மேல இழுத்துத்தான் போடணும்," என்றாள் இசக்கியம்மை. "ஆனா சாமி, கடல் ஏறியிருக்கிற விடியக்காலம்தான் இழுக்கணும். வழியெல்லாம் உருளைக்கட்டை பரப்பணும். உச்சிவேளையில மட்டும் வேண்டாம்!"

உச்சிவேளையில் கடல் வற்றும். கட்டை இல்லாமல் இழுத்தால் படகின் அடி மணலைக் கீறும். அவளுக்கு வேண்டியது அதுதான்.

"இவள் சொன்னபடியா நான் படகு இழுப்பது?" என்று அலங்காரநாதர் மீசையை நீவினார். "நாளை உச்சிவேளையில் இழுக்கிறேன். கட்டையும் வேண்டாம், கிட்டையும் வேண்டாம்!"

மறுநாள் ராஜா பந்தலில் உட்கார்ந்திருந்தான். ஊர் ஜனம் முழுவதும் அவன் கண்ணெதிரே கைகட்டி நின்றது. நூறு வீரர்கள் வடம் பிடித்தார்கள். அலங்காரநாதர் படகின் மேல் ஏறி நின்றார். படகு கனத்தது, நகரவில்லை. "கட்டை கொண்டுவந்திருக்கிறோம், போட்டால் சுலபம், ஐயா," என்றான் படைத்தலைவன். அவர் தாடையைச் சொறிந்து யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

இசக்கியம்மை அதைப் பார்த்தாள். ஐயோ, இந்த ஒரு தடவை புத்தியாய் நடந்துவிட்டால் என் தங்கச்சி பிள்ளை என்னாவது? தொண்டை கிழியக் கத்தினாள்: "கட்டையைப் போடுங்க சாமி! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"தூக்கி எறியுங்கள் கட்டைகளை! இழுங்கள்!" என்றார் அலங்காரநாதர்.

இழுத்தார்கள். படகு மேட்டில் ஏறி உள்ளே இறங்கியது. பின்னால் மணலில் ஆழமாக ஒரு கீறல். அதில் தண்ணீர் முதலில் நூலாக ஓடியது. பிறகு வாய்க்காலாக ஓடியது. இரண்டு பக்கமும் மணல் சரிந்தது, வீரர்கள் வடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள், தேங்கிய தண்ணீரெல்லாம் இரைந்துகொண்டு கடலுக்குப் பாய்ந்தது. பூம்படகும் அலங்காரநாதரும் கூடவே போனார்கள். மீனவர்கள்தான் கட்டுமரத்தில் போய் அவரைத் தூக்கிவந்தார்கள்.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "பொழியைத் திறந்தது யார்? கையை வெட்டுங்கள்!"

"நானில்லை பிரபு! இவள் கட்டை போடத்தான் சொன்னாள், நான்தான்..." என்று அலங்காரநாதர் உளறினார்.

"அவரை விட்டுருங்க," என்று இசக்கியம்மை முன்னால் வந்தாள். கையை நீட்டினாள். "எதிரா செய்வாருன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். வெட்டணும்னா இதை வெட்டுங்க."

"தந்திரம் எதற்கு? என்னிடமே கேட்டிருக்கலாமே!"

"நேத்துக் கேட்டேனே, மகாராஜா."

ராஜா எழுந்தான். பந்தலை விட்டு இறங்கிச் சேற்றில் நடந்தான். முதல் வீட்டு வாசலில் வடிவு குழந்தையை அணைத்துக்கொண்டு நின்றாள். சுவரில் அவள் மார்பளவுக்குச் சேற்றுக் கோடு.

"குழந்தைக்கு என்ன பேர்?" என்று கேட்டான்.

"வைக்கல சாமி. இருக்குமோ போகுமோன்னு தெரியாம எப்படி வைக்கிறது?"

ராஜா தலையைக் குனிந்துகொண்டான். "பொழி திறக்கும் நாளை இனி இந்த ஊர்தான் குறிக்கும். அரண்மனை வாயைத் திறக்காது. அலங்காரநாதரே, வருஷா வருஷம் முதல் மண்வெட்டி உம்முடையது. இசக்கியம்மை காட்டும் இடத்தில் வெட்ட வேண்டும். இசக்கியம்மா, உனக்கு என்ன வேண்டும்?"

"காய்ச்சலுக்கு வைத்தியரை அனுப்புங்க," என்றாள் அவள்.

வைத்தியர் வந்தார். கடல் ஏறி, இறால் குஞ்சு உள்ளே வந்தது. அன்று சாயங்காலமே குழந்தைக்குப் பேர் வைத்தார்கள்.