மாடாத்தி சொன்ன மூணு நெசம்

கைய காலை ஆட்டாம படுங்க, சொல்றேன். உப்புக்காத்து வீசுற கடக்கரையில ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊருக்கு ஒரு ராசா இருந்தாராம், பேரு உக்கிரமாறன். பேருலதான் உக்கிரம், பல்லியப் பாத்தா கட்டில் மேல ஏறி நிப்பாரு. அவருக்கு அனந்தப்பன்னு ஒரு மந்திரி. அந்த மந்திரிக்கு என்ன வேலைன்னு கேக்குறீங்களா? ராசா தும்முனா, "ஆகா, என்ன ராகம்"னு தலையாட்டணும். அதான் வேலை.

ராசாவுக்குச் சொந்தமா ஒரு மணல்மேடு, ஒரு கரடு, கொளத்துக்கரையில ஒரு மதகு. தெனமும் விடிஞ்சதும் மந்திரி வந்து, "மகாராசா, உலகத்துலயே பெரிய மணல்காடு நம்மளது, உலகத்துலயே ஒசந்த மலை நம்ம கரடு, உலகத்துலயே பெரிய அருவி நம்ம மதகு"ன்னு சொல்லிருவாரு. அந்த மதகுல விழுற தண்ணி ஒரு எருமை குளிக்கக் காணாது. அந்தக் கரட்டுல ஏறுன ஆடு, கஞ்சி ஆறுறதுக்குள்ள எறங்கி வந்துரும். ஆனா ராசா நம்புனாரு. தெனமும் காதுல ஓதுனா யாருதான் நம்ப மாட்டாக.

அதே ஊருல மாடாத்தின்னு ஒருத்தி இருந்தா. புருசன் தோணி ஓட்டுறவன். அவ வாயத் தொறந்தா பொய்யி. செத்து நாறுன மீனக் கையில வச்சுக்கிட்டு, "இப்பத்தான் எங்கூடப் பேசிக்கிட்டு இருந்துச்சு"ன்னு வித்துருவா. ஊரே சிரிக்கும், ஒருத்தரும் கோவிச்சுக்க மாட்டாக. அவ ஒரு தடவ புருசனோட தோணி ஏறி, கடலத் தாண்டி, இப்ப ஆப்பிரிக்கான்னு சொல்றாகல்ல, அந்தப் பெரிய சீமைக்குப் போயி, அப்புறம் மேல கீழன்னு சுத்தி அலைஞ்சு, அப்புறம் கறுத்து மெலிஞ்சு திரும்பி வந்தா.

வந்ததும் சந்தையில நின்னு, "ஏ, அங்க மணலு கடலாட்டம் கெடக்குது, அலை கூட அடிக்குது. மண்டை பொளக்குற வெயில்ல ஒரு மலை நிக்குது, அது தலையில பனிக்கட்டியா உறைஞ்சு கெடக்குது. அப்புறம் ஒரு ஆறு, தரை பொளந்து கெடக்குறதப் பாக்காம நடந்து வந்து உள்ள விழுந்துருச்சு, விழுந்த எடத்துல இடி இடிக்குது, பொகை வானத்துக்குப் போகுது"ன்னு சொன்னா.

மந்திரி காதுக்கு இது போச்சு. அவரு மாடாத்திய அரமணைக்கு இழுத்துட்டு வந்து, "மகாராசா, நம்ம கரட்ட விட ஒசந்தது இருக்குதாம். இப்பிடிப் பொய் சொல்ற இவ நாக்க அறுக்கணும்"னாரு.

மாடாத்திக்குப் பயத்த விட ஆத்தாமைதான் பொங்குச்சு. "ஆயுசு பூரா பொய் சொன்னேன், ஒருத்தரும் ஏன்னு கேக்கல. ஒரே ஒரு நாள் நெசத்தச் சொன்னேன், கத்தியத் தூக்குறீகளே"ன்னு கண்ணத் தொடச்சா. "வேணும்னா வந்து பாருங்க மகாராசா. இல்லன்னா அங்கயே அறுத்துக்கோங்க."

"மகாராசா எதுக்குப் போகணும்? நானே போயிப் பாத்துருக்கேன். எல்லாம் நம்மளதுல பாதி காணாது"ன்னு மந்திரி அளந்து விட்டாரு.

மாடாத்தி படக்குன்னு, "அப்ப வழி தெரிஞ்சவரு. அவரே கூட்டிட்டுப் போகட்டும்"னா.

ராசா தொறமுகத்தத் தாண்டி அடி வச்சதில்ல, அவருக்கும் உள்ளுக்குள்ள ஆசை. "போவோம்"னுட்டாரு.

மாடாத்தி புருசன் தோணியில கடலத் தாண்டி, மொதல்ல மணலுக்குப் போனாக. "இது சுண்டைக்கா, இதுக்குத் தண்ணி எதுக்கு"ன்னு மந்திரி கைய வீசிக்கிட்டு நடந்தாரு. உச்சி வெயில்ல நாக்கு வெளிய தொங்கிருச்சு. மாடாத்திகிட்ட கையேந்தி, அவ தோல்பையில இருந்த தண்ணிய மடமடன்னு குடிச்சு, வாயத் தொடச்சுக்கிட்டு, "இருந்தாலும் நம்ம மணல்மேடுதான் பெரிசு மகாராசா"ன்னாரு. ராசா பழக்கத்துல தலைய ஆட்டிட்டாரு.

அப்புறம் மலைக்குப் போனாக. மந்திரி மேல ஒத்தத் துண்டுதான். ஏற ஏற மீசை வெறச்சு கம்பியாட்டம் நின்னுக்கிச்சு. ராசா பனிக்கட்டிய எடுத்து வாயில போட்டுச் சின்னப் புள்ளையாட்டம் சிரிச்சாரு. மந்திரி பல்லு தந்தியடிக்க, "ந-ந-நம்ம கரடுதான் ஒசரம் மகாராசா"ன்னாரு. ராசா அதுக்கும் ஆட்டிட்டாரு. மாடாத்தி வாய்க்குள்ள நாக்கு இருக்கான்னு ஒரு தடவ தடவிப் பாத்துக்கிட்டா.

அப்புறம் அருவிக்குப் போனாக. தூரத்துல இருந்தே பொகை. கிட்டப் போனா ஆறு மொத்தமும் பள்ளத்துல விழுந்து, தரையே கிடுகிடுன்னு ஆடுது. மந்திரி வாயத் தொறந்தாரு, மூடுனாரு, கழுத்து நரம்பு பொடைக்கக் கத்துனாரு. ஒரு எழுத்து கேக்கல. ராசா நனைஞ்சுக்கிட்டே ரொம்ப நேரம் அப்படியே நின்னாரு. அப்புறம் பேச்சு கேக்குற தூரத்துக்கு வந்து உக்காந்தாரு.

"மாடாத்தி, நான் பட்டத்துக்கு வந்த நாள்ல இருந்து இந்த ஆளு சத்தம் கேக்காத நேரம் இதுதான். காது குளிச்ச மாதிரி இருக்கு"ன்னாரு. மந்திரியத் திரும்பிப் பாத்து, "இப்பச் சொல்லும், எது பெரிசு?"

பாவம், மந்திரிக்கு வேற எதுவும் சொல்ல வராது. "நம்ம மதகுதான் மகாராசா."

"நல்லது. இங்கயே இருந்து இந்த அருவிகிட்ட அத எடுத்துச் சொல்லும். அது ஒத்துக்கிட்டதும் ஊருக்கு வாரும்."

"மகாராசா, அது எப்பிடி..."

"பொய் சொன்னா நாக்க அறுக்கணும்னு நீருதான் சொன்னீரு. நான் அறுக்கல. அந்த நாக்க வச்சே பேசும்."

ராசாவும் மாடாத்தியும் தோணி ஏறி ஊரு வந்து சேந்தாக. "நீயே மந்திரியா இரு"ன்னு ராசா கூப்பிட்டதுக்கு, "எனக்குப் பொய்தான் மகாராசா வரும், அதுல ஒருத்தர வச்சே போதும் போதும்னு ஆயிருச்சு உங்களுக்கு"ன்னு சொல்லிட்டு மாடாத்தி மீன் கூடையத் தூக்கிட்டுப் போயிட்டா.

மந்திரி இன்னமும் அங்கதான் கத்திக்கிட்டு இருக்காராம், அருவி இன்னும் ஒத்துக்கலையாம். அவரு அங்க நனையட்டும், நாம இங்க காஞ்சு கெடப்போம், கதை கரையேறிருச்சு, வெளக்க அமத்துங்க.