மழை லீவு

மழை எல்லார் தலையிலும்தான் பெய்தது. சம்பளத்தோடு லீவு மட்டும் வாத்தியார்களுக்கே கிடைத்தது. பள்ளிக்கூடத்து ஆயா பூவாத்தாள் தனக்கும் கேட்டாள். தலைமையாசிரியர் அருணகிரி மீசையைத் தடவினார்.

"லீவெல்லாம் படிச்சவங்களுக்கு. நீ கேட்டைப் பூட்டிட்டுக் காவல் இரு. லீவுல இருக்கிற ஒருத்தரையும் உள்ளே விடாதே. விட்டா உன் சம்பளம் கட்!"

மறுநாள் அடைமழை. ஆட்டுக்கறி வாங்கக் கிளம்பிய அருணகிரியின் பைக், சரியாகப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றுபோனது. எதிர் டீக்கடையில் ஒதுங்க இடமில்லாத கூட்டம். தொப்பலாக நனைந்தவர் கேட்டை உலுக்கினார்.

"திற, பூவாத்தா!"

கேட்டுக்கு வெளியே குடை பிடித்து உட்கார்ந்திருந்தவள், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீங்க லீவுல இருக்கீங்களே சார். விட்டா என் சம்பளம் போயிருமே."

எதிர் டீக்கடையே சிரித்தது. அருணகிரிக்குப் பொறுக்கவில்லை.

"சரி, உனக்கும் இன்னிக்கு லீவு! போதுமா?"

"சம்பளத்தோடயா சார்?"

"சம்பளத்தோடதான்! தொலை!"

"டீக்கடை அண்ணே, கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றபடி எழுந்த பூவாத்தாள், சேலையை உதறிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், கேட்டைத் திறந்துட்டுப் போ!"

அவள் குடைக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"லீவு நாள்ல யாராச்சும் வேலை பார்ப்பாங்களா சார்?"