ஏழு கல் அடுக்கு

அந்தக் குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்தொன்று. குரு சீடரை ‘சார்’ என்று கூப்பிடுவார். சீடர் முதலில் கேலிக்குத்தான் ‘குருவே’ என்று ஆரம்பித்தார். நாலாவது பயணத்துக்குள் கேலி உதிர்ந்துபோய் வார்த்தை மட்டும் நின்றுவிட்டது.

குருவின் பெயர் மரகதம். போடிக்காரர். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களைப் பதினாறு வருடமாக இமயமலைக் கணவாய்கள் வழியே நடத்திக் கூட்டிப்போகிறார். சீடர் தெய்வநாயகம், அருப்புக்கோட்டையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளி அலுவலகச் சுவரில் இருக்கும் பெயர்ப் பலகையில் அவர் பெயர் பதினான்காவது. ஓய்வுக்குப் பிறகு பெயரும் பலகையும் இல்லாத வெறும் நாட்கள் அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. மலைக்கு வந்தார், மலை பிடித்துப்போனது, வழிகாட்டியாகவே ஆகிவிடுவது என்று முடிவு செய்தார்.

அந்த ஜூன் மாதம் ஐந்து நாள் நடை. குழுவில் நான்கு பேர். தென்காசியில் மெஸ் நடத்தும் சண்முகவடிவு, அவர் கணவர் பால்வண்ணன், கோயம்புத்தூரிலிருந்து இரண்டு தோழிகள். முன்னால் குரு நடந்தார். கடைசி ஆளாகத் தெய்வநாயகம். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அந்த வேலை.

முதல் நாளே அவர் கேட்டுவிட்டார்.

“குருவே, செப்டம்பர்ல என் பழைய மாணவர்கள் பத்துப் பேர் வர்றாங்க. நான்தான் கூட்டிட்டுப் போகணும்னு ஆசைப்படுறாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க சார்?”

“குருவைக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன். நான் எப்பத் தனியா ஆள் கூட்டிட்டுப் போகலாம்?”

“இருங்க. சொல்றேன்.”

பாதையோரம் ஒரு கற்குவியல் இருந்தது. மூடுபனி இறங்கினாலும் வழி தெரியவேண்டும் என்று, போகிறவர்கள் ஆளுக்கொரு கல் போட்டு வளர்த்த குவியல். கணவாய் வரைக்கும் இப்படி வரிசையாக இருக்கும். குரு குனிந்து ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டு நடந்தார். மற்றவர்களும் போட்டார்கள். தெய்வநாயகம் போட்டுவிட்டு, சரிந்து கிடந்த நாலு கல்லை நேராக்கியும் வைத்தார். காலை வழிபாட்டில் கோணலாக நின்ற பிள்ளைகளை முப்பது வருடம் நேராக்கிய கை, சும்மா இருக்குமா?

குரு திரும்பிப் பார்த்தார். மறுபடி நடந்தார்.

மூன்றாம் நாள் கணவாய்க்குக் கீழே கூடாரம் போட்டார்கள். மேலே காற்று மெலிவு. உடம்பு பழகட்டும் என்று மத்தியானம் பாதித் தூரம் ஏறி இறங்கினார்கள். நல்ல வெயில். எல்லோரும் உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள். ஒரு தோழிக்குத் தலைவலி. குரு அவருக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தெய்வநாயகம் பாதையை விட்டு இடப்பக்கம் கொஞ்சம் நடந்து போனார். அங்கே ஒரு மேடு, அதற்குப் பின்னால் தூரத்தில் பனிச்சிகரம். மேட்டின் மேல் ஏழு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பெரியது கீழே, சின்னது மேலே. உச்சிக்கென்று தேடி ஒரு வெள்ளைக் கல் கொண்டுவந்தார். அரை மணி நேர வேலை. பதினோரு படம் எடுத்தார். ஆசிரியர்கள் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பலாம் என்று பார்த்தால் சிக்னல் இல்லை. போகட்டும், நாம் போன பிறகும் இது இங்கே நிற்கும் என்று நினைத்துக்கொண்டார். நினைக்கவே இனித்தது.

மறுநாள் காலை கணவாய் ஏறும்போது மூடுபனி இறங்கிவிட்டது. காற்றடித்தால் சற்று விலகும், மறுபடி மூடும்.

“முன்னால போறவங்க முதுகை விடாதீங்க. முதுகு தெரியலன்னா குவியலைப் பாருங்க” என்றார் குரு.

தலைவலிக்காரத் தோழி குருவை ஒட்டியே நடந்தார். இன்னொரு தோழிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. தெய்வநாயகம் அவருக்குக் கைகொடுத்து மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு வந்தார். தென்காசித் தம்பதி நடுவில் போனார்கள்.

கணவாய் உச்சிக்கு அவர் வந்து சேர்ந்தபோது, அங்கே குருவும் ஒரு தோழியும் மட்டும் நின்றிருந்தார்கள்.

“வடிவக்கா எங்க சார்?”

“எனக்கு முன்னாலதானே போனாங்க?”

“இங்க வரலையே.”

கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. இரண்டு பேர் இருந்தார்கள்.

தெய்வநாயகத்துக்கு நேற்று வைத்த அடுக்கு நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. சொன்னால் செப்டம்பர் போயிற்று. அதையும் அவர் நினைத்தார், மறைப்பானேன்? ஆனால் ரொம்ப நேரம் நினைக்கவில்லை. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, செல்போனை எடுத்து, படத்தைக் குருவிடம் நீட்டினார்.

“நேத்து நான் அடுக்கினது. பாதையில இல்ல. இடப்பக்கம்.”

குரு படத்தைப் பார்த்தார்.

“இதுக்கு அந்தப் பக்கம் என்ன சார் இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. நேர் சரிவு.”

“வாங்க.”

தோழிகள் இருவரையும் உச்சிக் குவியலோடு ஒட்டி உட்காரவைத்து, கையில் ஒரு விசிலும் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். குரு விசில் ஊதுவார். நிற்பார்கள். காது கொடுப்பார்கள். மறுபடி இறங்குவார்கள். தெய்வநாயகம் தன் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் தடவை வருகைப் பதிவு எடுத்திருக்கிறார். ஒரு ‘உள்ளேன் ஐயா’வுக்காக இப்படித் தவித்ததில்லை.

நாலாவது விசிலுக்குப் பதில் வந்தது.

“இங்கன இருக்கோம்! சத்தத்தைப் பாத்து வாங்க!”

கணவனும் மனைவியும் அந்த அடுக்குக்குப் பக்கத்தில் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சண்முகவடிவு கணவரின் கையை இறுகப் பிடித்திருந்தார். குரு இருவர் முகத்தையும் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

“ஒண்ணும் ஆகலையே அக்கா?”

“ஒண்ணும் இல்லம்மா. பனி கொஞ்சம் விலகுச்சு, இந்தக் கல்லு தெரிஞ்சுச்சு, இதான் வழின்னு வந்துட்டோம். இவுக இன்னும் மேல போவோம்னு நிக்காக. நாந்தான் கையப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சேன்.”

“எப்படிக்கா தெரிஞ்சது?”

“இதப் பாருங்களேன், எவ்வளவு அழகா இருக்கு! நாலு நாளாப் பாக்கோம்லா, வழிக்குப் போட்ட கல்லெல்லாம் கோணலும் மாணலுமாத்தான கெடக்கு? வழி காட்டணும்னு நெனைக்கவன் இந்தக் குளிர்ல ஒரு கல்லப் போட்டுட்டுப் போயிக்கிட்டே இருப்பாம்லா. இவன் பொறுக்கிப் பொறுக்கி அடுக்கி, உச்சியில வெள்ளைக் கல்லு வேற வச்சிருக்கான். எவனோ வேலவெட்டி இல்லாத பய பாத்த வேலை, இத நம்பி நடக்கக் கூடாதுன்னு தோணிச்சு.”

பால்வண்ணன் தலையசைத்தார். “நான் போயிருப்பேன். இவதான் விடல.”

தெய்வநாயகம் ஓரடி முன்னால் வந்தார்.

“அந்தப் பய நான்தாம்மா.”

சண்முகவடிவு வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நேரம் காற்றடித்தது. அடுக்குக்கு அப்பால் ஆறு காலடி வைக்கிற தூரம் தரை தெரிந்தது. அதற்குப் பிறகு தரை இல்லை. நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள். மறுபடி மூடிக்கொண்டது.

தெய்வநாயகம் அப்படியே உட்கார்ந்து அழுதார். பயந்து அழவில்லை. பயம் விட்டுப்போனதில் வந்த அழுகை, நிறுத்தவும் அவருக்குத் தோன்றவில்லை. சண்முகவடிவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“அழாதீய சார். நீங்க மட்டும் சுமாரா அடுக்கிருந்தீயன்னா நாங்க நம்பிப் போயிருப்போம்லா.”

பால்வண்ணன் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அழுதுகொண்டே தெய்வநாயகமும் சிரித்தார். குரு மேலே பார்த்து விசில் ஊதினார். உச்சியிலிருந்து தோழிகளின் விசில் உடனே பதில் சொன்னது. ஆறு பேரும் இருந்தார்கள்.

“பிரிங்க சார்” என்றார் குரு.

தெய்வநாயகம் வெள்ளைக் கல்லை முதலில் எடுத்தார். ஏழு கற்களையும் பாதைக்குச் சுமந்து போய் அங்கிருந்த பழைய குவியல் மேல் சேர்த்தார். அவற்றில் ஆளுக்கொரு கல்லைத் தம்பதி தூக்கி வந்தார்கள். தெய்வநாயகம் கடைசிக் கல்லை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

“செப்டம்பர் பத்தி இனிமே நான் கேக்க மாட்டேன் குருவே.”

“ஏன்? கேளுங்க.”

தெய்வநாயகம் கையுறையை மாட்டிக்கொண்டார்.

“எப்ப?”

குரு குவியலைப் பார்த்தார். பழைய கற்களின் மேல் ஏழும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. பெரியது கீழே, சின்னது மேலே, உச்சியில் வெள்ளைக் கல். வைத்தவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. இப்போதுதான் பார்த்தார்.

குரு பூட்ஸ் முனையால் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். ஏழும் சரிந்து மற்ற கற்களோடு கலந்தன. எது யார் போட்டது என்று தெரியவில்லை.

“செப்டம்பருக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு சார். அதுக்குள்ள கோணலா அடுக்கக் கத்துக்குங்க.”