ஆலாத் தீவுக்குச் செய்த நன்மை

குலோத்தம மகாராஜாவுக்கு ஒருநாள் அறிவுப்பசி எடுத்தது. சோற்றுப்பசியாக இருந்தால் சமையற்கட்டோடு தீர்ந்திருக்கும். இது கடல்வரைக்கும் போய்விட்டது. ஆலாத் தீவில் வெறும் மணலில் முட்டையிடும் ஆலாப் பறவைகளை ஆராய்ந்து வரும்படி ஒரு கப்பல் நிறையப் பண்டிதர்களை அனுப்பினார்.

பண்டிதர்கள் திரும்பி வந்தார்கள். கப்பலில் போன எலிகள் வரவில்லை. முட்டை ருசி கண்டு அங்கேயே குடியேறிவிட்டன.

“எலிக்குப் பூனைதானே மருந்து?” என்றார் மந்திரி உத்தண்டராயர்.

நாற்பது பூனைகளை அனுப்பினார். ஓடுகிற எலியைவிட, அடைகாத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பறவை அவற்றுக்குச் சுலபமாகப் பட்டது. பூனைகளைத் துரத்த இருபது நாய்களை அனுப்பினார். அவை குஞ்சுகளைத் துரத்தின. மந்திரி மனம் தளரவில்லை.

“பிடித்து வைத்திருக்கும் இரண்டு சிறுத்தைகளை விட்டால் நாய்த் தொல்லை தீர்ந்துவிடும், மகாராஜா!”

சபையில் ஒருவன் மட்டும் சிரித்தான். அவன் அரசவை விதூஷகன் சொக்கப்பன்.

“என்ன இளிப்பு?” என்று சீறினார் ராஜா. “நீயே போய்ச் சரிசெய். இரண்டு மாதம் தவணை. ஆலா மறுபடி முட்டையிடாவிட்டால் சிறுத்தைகளோடு உன்னையும் அங்கே இறக்கிவிடுவேன்!”

“ஆகட்டும், மகாராஜா. நான் பிடிக்கும் மிருகம் எதுவானாலும் அதை அனுப்பியவர் வீட்டுக்கே போக வேண்டும் என்று ஓர் உத்தரவு மட்டும் கொடுங்கள்.”

“தாராளமாக!” என்று மந்திரியே முந்திக்கொண்டார். சொக்கப்பன் தோற்றுவிடுவான் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

சொக்கப்பன் மீனவர்களைக் கூட்டிக்கொண்டு போனான். பொறி வைத்து எலிகளை ஒழித்தான். கருவாட்டைக் காட்டிப் பூனைகளையும் நாய்களையும் கூண்டில் அடைத்தான். தவணை முடிய நான்கு நாள் இருக்கும்போது ஓர் ஆலா மணலில் முட்டையிட்டது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊர் திரும்பி, மந்திரி வீட்டுக்குள் கூண்டுகளைத் திறந்துவிட்டான்.

மறுநாள் மந்திரி சபைக்கு ஓடிவந்தார். தலைப்பாகையில் பாதியைக் காணோம்.

“மகாராஜா! ஒரே ராத்திரியில் என் வீடு நாசம்! இத்தனையையும் ஒரு வீடு எப்படித் தாங்கும்?”

“ஆச்சரியமாக இருக்கிறதே!” என்றான் சொக்கப்பன். “உங்கள் வீட்டுக்கு மதில் உண்டு, கதவு உண்டு, காவற்காரர்கள் எட்டுப் பேர் உண்டு. அந்தப் பறவைகளுக்கு மணல் மட்டும்தான் இருந்தது, மந்திரியாரே.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிறுத்தைகளைக் காட்டுக்கே ஓட்டச் சொன்னார்.

“சொக்கப்பா, என்ன பரிசு வேண்டும், கேள்!”

“ஒன்றே ஒன்றுதான், மகாராஜா. இந்தச் சபையில் இருக்கும் யாரும் இனிமேல் அந்தத் தீவுக்கு எந்த நன்மையும் செய்யக்கூடாது.”