முடிவு சொல்லாத வாத்துக் கதை

ஒரு ஊரில், ஜெர்மனி தேசத்து மலையடிவார ஊரில், ஒரு போதகர் இருந்தார். பெயரையும் பிராயத்தையும் முறைப்படி சொல்லிவிட வேண்டும்: பல்தாசர் என்பது நாமதேயம், ஐம்பத்தெட்டு நிறைந்து ஐம்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. ம் சொல்லு.

அவர் பிரசங்க மேடை ஏறினால் போதும், சபை 'கொர்ர்... கொர்ர்...' என்று குறட்டை விடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், ஓர் ஈஸ்டர் ஞாயிறன்று, பாட்டன் காலத்துத் துறவிகள் மேடையில் சொல்லிவந்த பழங்கதை ஒன்றை எடுத்துவிட்டார். நரி ஒன்று அங்கி மாட்டிக்கொண்டு ஏழு வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்ததாம். சபை கண் கொட்டாமல் கேட்டது. நேரமாகிவிட்டதால், "மீதி அடுத்த வாரம்" என்று இறங்கிவிட்டார்.

அப்புறம், பட்டணத்துத் தலைமைக் குருவின் ஆள் 'டக் டக்' என்று குதிரையில் வந்தான். "வேதம் இருக்க நரி எதற்கு? இனிக் கதை சொன்னால் மேடையும் இல்லை, வீடும் இல்லை." போதகர் வாயைக் கட்டிக்கொண்டார்.

ஊர் வாயைக் கட்ட முடியுமா? முதல் ஞாயிறு பத்துக் கட்டளைகளை விளக்கி இறங்கினார். வாசலில் கொல்லன் உல்ரிக் நின்றான்.

"அந்த வாத்துங்க என்னாச்சுங்க ஐயா?"

"திருடாதே என்றேனே, காதில் விழுந்ததா?"

"விழுந்துச்சு. நரியைத்தானே சொன்னீங்க?"

போதகர் தலையில் அடித்துக்கொண்டார். ம்.

இரண்டாம் வாரம் ஓர் அடக்கம். புருஷன் குழியில் மண் விழுகையில் விதவை வல்புர்கா விம்மினாள். "பாவம், முடிவு தெரியாமலே போயிட்டாரு."

"மறுமையின் முடிவா, அம்மா?"

"வாத்து முடிவுங்க."

வாத்துப் பேச்சு பட்டணம்வரை எட்டி, மூன்றாம் ஞாயிறு தலைமைக் குருவே வந்திறங்கினார். "இவர் உங்களுக்கு என்ன கற்பித்தார்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அத்தனை பேரும் நரியில் தொடங்கி ஏழு வாத்தில் நின்றார்கள்.

"வேறொன்றும் பதியவில்லையா?"

"முப்பது வருஷமாகத் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். பதிந்தது இது ஒன்றுதான்," என்றார் போதகர். "மேடையை எடுத்துக்கொள்ளுங்கள்."

தலைமைக் குரு வண்டியில் ஒரு காலை வைத்தார். வைத்த கால் அப்படியே நின்றது. "சரி, வாத்துகள் என்ன ஆயின?"

"கதை கூடாதென்பது தங்கள் உத்தரவு."

"அட, மேடையேறிச் சொல்லித் தொலையுமையா."

அப்போது போதகர் ஏறிச் சொன்னார்: "பிரசங்கத்தில் தூங்கிய ஆறும் நரி வயிற்றில். விழித்திருந்த ஒன்று மட்டும் அங்கிக்கடியில் வாலைக் கண்டு, படபடவென்று பறந்துவிட்டது."

அன்று சபையில் ஒரு குறட்டையும் இல்லை. மேடையும் வீடும் அவருக்கே என்று தீர்ந்தது. வாத்துதான் தூங்கக்கூடாது, நீ தூங்கு; கதை தீர்ந்தது, வழக்கும் தீர்ந்தது, ஈஸ்டருக்கு அடுத்த மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை.